ஃபெல்ட்டத்துப் பல்சாரா

ஹவுன்ஸ்லோவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஃபெல்ட்டம் பக்கம்தான். ஹீத்ரோவுக்கு வரும் விமானங்கள் கூரையை உரசுவதுபோலத் தாழப் பறக்கும் அந்த வட்டாரத்தில், சாதாரண வீடு ஒன்றின் சுவரில் வட்டமான நீலப் பலகை இருக்கிறது. 2016இல் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் பதித்தது. பெரிய எழுத்தில் ஃப்ரெடி மெர்க்குரி என்ற பெயர். அதன்கீழே அடைப்புக்குறிக்குள் ஃப்ரெட் பல்சாரா. பாடகர், பாடலாசிரியர், இங்கு வாழ்ந்தார். முதன்முறை பார்த்தபோது என்னை உறுத்தியது மெர்க்குரி அல்ல, அந்த ஃப்ரெட். பெற்றோர் வைத்த பெயர் ஃபரோக். அடைப்புக்குறிக்குள்கூட அதற்கு இடம் கிடைக்கவில்லை.

உறுத்தியதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. 2003இல் முதுகலை படிக்க இங்கே வந்தேன். முதல் வேலையில் சேர்ந்த அன்று, என் பெயரின் முதல் இரண்டு அசைகளை மட்டும் வைத்து மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் தயாராக வைத்திருந்தார் மேலாளர். நான் ஒன்றும் சொல்லவில்லை. கன்சல்டன்டாகத் தனியே தொழில் தொடங்கிப் பல வருடங்கள் ஆன பிறகும் இன்வாய்ஸில் அந்த வெட்டுப்பட்ட பெயர்தான் போகிறது. ஆகவே மெர்க்குரியைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது, 'வேரை மறைத்தவர்' என்று யாராவது தொடங்கினால் நான் கொஞ்சம் நெளிவேன்.

நம்மவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒரு சாரார், 'தெரியுமா, அவர் இந்தியர்' என்று விருந்துகளில் ரகசியம் உடைப்பார்கள். அடுத்த சாரார், வெள்ளைக்காரர்கள் நடுவே நின்று தன் பூர்வீகத்தை ஒரு வார்த்தைகூடப் பேசாத ஒருவரை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்பார்கள். இருவரும் அவருடைய பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை என்பதுதான் என் குறை.

வாழ்க்கை விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1946 செப்டம்பர் 5 அன்று சான்சிபாரின் ஸ்டோன் டவுனில் பிறந்தார். பார்சிக் குடும்பம், தந்தை பிரிட்டிஷ் அரசாங்கத்தில் காசாளர். குஜராத்தில் இன்று வல்சாட் என்று அழைக்கப்படும் புல்சார்தான் குடும்பப் பெயரின் ஊர். நாம் ஊர்ப்பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொள்வதுபோல அவர்கள் பின்னால் வைத்துக்கொண்டார்கள். எட்டு வயது வாக்கில் பம்பாய்க்குத் தெற்கே பஞ்ச்கனியில் ஒரு உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். ஏற்காட்டிலும் ஊட்டியிலும் நாம் பார்த்திருக்கும் அதே வகைப் பள்ளி: பியானோ வகுப்பு, பாடகர் குழு, குத்துச்சண்டை, ஆங்கில நாடகம். ஃப்ரெடி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அங்கேதான். இதை அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன். பெயரை முதலில் மாற்றியது இங்கிலாந்து அல்ல, மகாராஷ்டிர மலை ஒன்றின்மேல் இருந்த ஒரு பள்ளிக்கூடம்.

1964 ஜனவரியில் சான்சிபாரில் புரட்சி வெடித்தது. அராபியரும் இந்தியருமாக ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். பல்சாரா குடும்பம் பெட்டிகளுடன் ஃபெல்ட்டத்துக்கு வந்து சேர்ந்தது. பையனுக்கு அப்போது பதினேழு. ஈலிங் கலைக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படித்தார். கையில் காசு வேண்டி ஹீத்ரோவில் வேலை பார்த்தார். கென்சிங்டன் மார்க்கெட்டில் ரோஜர் டெய்லருடன் பழைய துணி விற்றார். 1970இல் க்வீன் குழு. மெர்க்குரி என்ற பெயரும் அந்தக் காலத்தில்தான். குழுவின் சின்னத்தையும் அவரே வரைந்தார், நால்வரின் ராசிகளை வைத்து: இரண்டு சிம்மம், ஒரு கடகம், ஒரு கன்னி. நம் வீட்டுப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரே ராக் இசைக்குழு என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பாட்டுக்கு வருவோம். அவருடைய குரலின் அசைவுகளில் லதா மங்கேஷ்கரைக் கேட்கிறேன், பழைய இந்திப் பாட்டுகளைக் கேட்கிறேன் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். நான் பலமுறை முயன்றுவிட்டேன், எனக்குக் கேட்கவில்லை. கேட்பது பள்ளித் தேவாலயத்தின் பாடகர் குழு, வானொலியில் வந்த ராக் அண்ட் ரோல், பின்னால் அவர் வெறியோடு கேட்ட அரீத்தா ஃப்ராங்க்ளின். 1976இன் 'சம்படி டு லவ்' பாட்டில் ஒரு முழு காஸ்பல் குழுவே பாடுவதாகத் தோன்றும். உண்மையில் மூன்று பேர். ஃப்ரெடி, பிரையன் மே, ரோஜர் டெய்லர் மூவரும் தங்கள் குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்தது. கறுப்பினத்தவரின் தேவாலயம் ஒன்றை ஸ்டூடியோவில் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். அந்தப் பாட்டில் ஏங்குபவனுக்கு ஊர் கிடையாது. வேலைக்குப் போய்க் களைத்து வரும் எவனும் அவனாகலாம்.

1975இன் 'போஹீமியன் ராப்சடி' இதைவிட விசித்திரம். ஆறு நிமிடத்துக்கு ஐந்து நொடி குறைவு, பல்லவியே கிடையாது. தொடக்கத்தில் வாத்தியமின்றி வரும் குரல்கள் அத்தனையும் ஃப்ரெடி ஒருவருடையவை. நடுவே ஓபரா. இத்தாலிய நாடகக் கோமாளியின் பெயர், விண்ணியல் அறிஞர் கலிலியோவின் பெயர், ஓபராப் பாத்திரம் ஃபிகரோ, சான்சிபார்க் குழந்தை எதுவும் தினமும் கேட்டு வளரும் ஓர் அரபுத் தொடர், எல்லாம் ஒரே சட்டியில். ஒலிநாடாவின்மேல் குரல்களைத் திரும்பத் திரும்பப் பதிந்ததில் நாடாவே தேய்ந்து ஒளி ஊடுருவ ஆரம்பித்ததாக மே சொல்லியிருக்கிறார். பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடம்.

2023 ஆகஸ்டில் அவருடைய வீட்டுப் பொருள்களை ஏலத்துக்குமுன் லண்டனில் பார்வைக்கு வைத்திருந்தார்கள். இலவசம் என்பதால் வரிசை தெருவைச் சுற்றி வளைந்திருந்தது. பதினாலு வயது மகளோடு போனேன். அந்தப் பாட்டின் கையெழுத்துப் பிரதி ஒரு விமானக் கம்பெனியின் பழைய காகிதத்தில் இருந்தது. தலைப்பில் முதலில் 'மங்கோலியன்' என்று எழுதி, அடித்துவிட்டு 'போஹீமியன்' ஆக்கியிருந்தார்.

மகள் கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கேட்டாள்: "அப்பா, அவர் மங்கோலியா போயிருக்காரா?"

"இல்லம்மா."

"போஹீமியா?"

"அதுவும் அவர் ஊர் இல்ல."

"அப்போ ஏன் சான்சிபார்னு எழுதல?"

நான் பதில் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கட்டுரைக்கான கேள்வி அதுதான். எனக்குத் தோன்றுவது இது. புலம்பெயர்ந்தவர் பாட்டு என்றால் நமக்கு இரண்டு வகைதான் பழக்கம். விட்டு வந்த ஊரை நினைத்து உருகுவது, அல்லது வந்த ஊரில் படும் அவமானத்தைப் பாடுவது. மெர்க்குரி இரண்டையும் தொடவில்லை. அவர் இல்லாத ஊர்களை உண்டாக்கினார். முதல் மூன்று ஆல்பங்களில் ரை என்ற ஒரு கற்பனை நாடு வந்துகொண்டே இருக்கும். 1974இல் குழுவின் முதல் பெரிய வெற்றிப்பாட்டே அந்த நாட்டின் ஏழு கடல்களைப் பற்றியது. ராணிகள், தேவதைகள், அரக்கர்கள். அன்றைய ராக் விமர்சகர்கள் இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கினார்கள். ஓரளவு சரிதான். அந்த ஆரம்பகாலப் பாட்டுகளில் பாதியை இன்று முழுதாகக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை, ஜரிகை அதிகம். ஆனால் பதினேழு வயதில் ஒரு வாரத்துக்குள் ஊர் காணாமல் போன ஒருவர், எவராலும் தீ வைக்க முடியாத ஓர் ஊரைக் கட்டுகிறார் என்று கேட்டால் அந்த ஜரிகையின் கனம் மாறுகிறது. இது என் ஊகம். அவர் எந்தப் பேட்டியிலும் இப்படி விளக்கவில்லை. பாட்டின் பொருளைக் கேட்டால் கேட்பவர் பாடு என்று கை கழுவிவிடுவார்.

2018இல் வந்த படம் இந்த விஷயத்தில் பெரிய ஏமாற்றம். ரமி மாலிக் நன்றாக நடித்தார், ஆஸ்கரும் வாங்கினார். ஆனால் படம் வேரைப் பற்றிய சங்கடத்தை அப்பா-மகன் கதையாகச் சுருக்கிவிட்டது. கடைசியில் மகன் அப்பாவைக் கட்டிப்பிடித்துவிட்டு மேடைக்குப் போகிறான், கணக்குத் தீர்ந்தது. நோய் விவரம் 1987இல் தெரியவந்ததை இழுத்து வந்து 1985இன் லைவ் எய்ட் மேடைக்குமுன் வைத்தார்கள். அந்த இருபது நிமிடத்துக்கு இப்படியொரு கண்ணீர்த் துணை தேவையே இல்லை. வெம்ப்ளியில் எழுபதாயிரம் பேரை, சொல்லே இல்லாத வெறும் ஒலியை வீசித் திருப்பிப் பாடவைக்கிறார். அவர் நீட்டினால் கூட்டம் நீட்டுகிறது. அவர் வளைத்தால் வளைக்கிறது. சொல் இல்லாததால் உச்சரிப்பும் இல்லை, உச்சரிப்பில் பிடிபடும் பூர்வீகமும் இல்லை. நேர்முகத் தேர்வுகளில் 'வி' எங்கே 'டபிள்யூ' எங்கே என்று பயந்து பேசிய காலத்தில், அந்தப் பதிவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை.

படம் தொடாமல் விட்ட ஒன்றை நாம் தொட்டே ஆகவேண்டும். 1984 அக்டோபரில், லைவ் எய்டுக்கு ஒன்பது மாதம் முன்பு, க்வீன் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் பாடியது. நிறவெறி அரசைக் கலைஞர்கள் புறக்கணிக்க வேண்டும் என்று ஐ.நா. கேட்டிருந்த காலம். பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கம் குழுவுக்கு அபராதம் விதித்தது; ஐ.நா.வின் கறுப்புப் பட்டியலிலும் பெயர் ஏறியது. நாங்கள் அரசியல் பேசும் குழு அல்ல, எல்லோருக்கும்தான் பாடுகிறோம் என்பது அவர்கள் தரப்பு வாதம். தொண்டை கெட்டு அவரால் சில நிகழ்ச்சிகளை நடத்த முடியவில்லை என்பது தனிக் கதை.

மற்ற மூவரைப் பற்றி நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன். ஆனால் பல்சாராக்களின் மகன், அந்த நாட்டுச் சட்டப்படி 'இந்தியர்' என்று முத்திரை குத்தப்பட்டுத் தனிக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டிருக்கக்கூடிய ஒருவர், நட்சத்திரம் என்பதால் சிவப்புக் கம்பளத்தில் நடந்து போனார். அதே டர்பனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கரும்புத் தோட்டத்துக்காகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் பேரப்பிள்ளைகள் அந்தச் சட்டத்தின்கீழ் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். கற்பனை நாடு கட்டியவரின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. எந்த ஊரும் தன் ஊரல்ல என்று வாழப் பழகியவருக்கு, எந்த ஊரின் அநியாயமும் தன்னுடையதாகப் படுவதில்லை. அவருடைய மௌனத்தில் பெயரையும் பாலுறவையும் நோயையும் பற்றியதை நான் மதிக்கிறேன். அது அவர் உரிமை. சன் சிட்டி அந்தக் கணக்கில் சேராது. பதினைந்து வருடம் நான் அவரை நேசித்துக் கேட்டவன், ஆனாலும் இந்த இடத்தில் அவருக்காக வாதாட என்னிடம் எதுவும் இல்லை.

அவரை ஏற்பதில் ஊர்களுக்கும் தகராறுதான். 2004இல் ஈரானில் க்வீன் பாட்டுகளின் ஒலிநாடா சட்டப்படியே வெளிவந்தது, பாட்டுகளின் பொருளை விளக்கும் சிறு பிரசுரத்தோடு. பார்சிகள் ஆயிரம் ஆண்டுக்குமுன் விட்டு வந்த நாடு அது. 2006இல் சான்சிபாரில் அவருடைய அறுபதாம் பிறந்தநாள் விழாவை, ஒருபால் உறவுக்காரர் என்று சொல்லி மத அமைப்பினர் எதிர்த்தார்கள், விழா நின்றது. பின்னர் 2019இல் அதே ஸ்டோன் டவுனில் அவருக்கு அருங்காட்சியகம் திறந்தார்கள், சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள் அல்லவா. அவருடைய புகழ்பெற்ற வெண்கலச் சிலை ஸ்விட்சர்லாந்தில், மோந்த்ரேயில், ஏரியைப் பார்த்து நிற்கிறது.

அந்த ஏரிக்கரை ஸ்டூடியோவில்தான் 1991 மே மாதம் அவர் கடைசியாகக் குரல் பதிந்தார். 'மதர் லவ்' என்ற பாட்டு. நிற்கவே சிரமப்பட்ட நிலையில் வரி வரியாகப் பாடிக் கொடுத்தார். கடைசிப் பகுதியை அப்புறம் வந்து முடிக்கிறேன் என்று போனவர் வரவில்லை. நவம்பர் 23 அன்று தனக்கு எய்ட்ஸ் என்று உலகுக்கு அறிவித்தார், மறுநாள் இறந்தார். வயது 45, இப்போது எனக்கு ஆகும் வயது. சொராஸ்திரிய குருமார்கள் பெற்றோரின் முறைப்படி இறுதிச் சடங்கு செய்தார்கள்.

போன மாதம் அந்தப் பாட்டைக் காரில் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். விடுபட்ட பகுதியை மே பாடுகிறார். குரல் மாறும் இடம் எவருக்கும் தெரியும், மறைக்க முயலவில்லை. அதன்பின் வெம்ப்ளிக் கூட்டத்தின் பழைய ஒலி, அவர் இளைஞராகப் பாடிய வேறொரு பாட்டின் துணுக்கு, எல்லாம் பின்னோக்கி ஓடி, ஒரு குழந்தையின் அழுகையில் நிற்கிறது.

"இங்கதான் ஆள் மாறிட்டாரு," என்று சரியான இடத்தில் சொன்னாள் மகள். பிறகு, பள்ளிக்கூடம் வந்துவிட்டதால், பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.