லண்டனுக்குப் போன விருத்தாசலக் கற்கள்

பெண்ணாடம் கோயிலில் உறையும் இறைவனுக்குப் பிரளயகாலேசுவரர் என்று பெயர். பிரளயம் என்றால் ஊழிவெள்ளம். வாசகர்களே, இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் உண்மையாகவே கடல் இருந்தது! ஒரு பக்கம் விருத்தாசலம். மறு பக்கம், வெள்ளாற்றுக்குத் தெற்கே அரியலூர். இரு பக்கத்துப் பாறைகளிலும் கடல் சிப்பிகளும், ஆட்டுக்கொம்பு போல் சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டுகளும் கல்லாகிக் கிடக்கின்றன. அம்மோனைட்டு இன்று உலகில் எங்கும் இல்லை.

சென்ற நூற்றாண்டுகளின் அறிவியல் வரலாறு என்றதும் நம் நூல்கள் பாரடே, டார்வின் என்று தொடங்கிவிடுகின்றன. நம் காலடியில் எழுதப்பட்ட அத்தியாயத்தை யாரும் புரட்டுவதில்லை. அதைச் சற்றே மதிப்பிட்டுப் பார்ப்போம்.

1840-களில் கே, கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி ஆகிய இடங்களின் புதைபடிவங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினர். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846-இல் அறிக்கை வெளியிட்டார். இவை கிரெட்டேசியஸ் காலத்துக் கடலுயிர்கள் என்று அவர் கண்டது பெரும் சாதனையே. ஆனால் புதுச்சேரிப் படிவங்களை அக்காலத்தின் தொடக்கத்தில் வைத்தார். உண்மையில் அவை அதன் கடைசிப் பகுதியைச் சேர்ந்தவை. 1890-களில் ஃபிரான்ஸ் கோஸ்மட் இதை நிறுவினார். இன்றைய கணக்கில் ஃபோர்ப்ஸின் பிழை ஐந்து கோடி ஆண்டுகளாவது இருக்கும்!

பிழை எப்படி வந்தது? ஐரோப்பியச் சிப்பியை அளவுகோலாக வைத்து நம் சிப்பிக்கு வயது சொன்னார். பாறையின் வயதைக் கணிக்கும் கதிரியக்க முறை அன்று இல்லை. ஆகவே அவரைப் பழிக்க வேண்டியதில்லை. ஆயினும், உருவ ஒற்றுமை மட்டும் காலத்துக்குச் சாட்சியாகாது என்ற பாடத்தை நாம் மறக்கக் கூடாது.

அடுத்து வந்த பிளான்ஃபோர்டின் நூல் (1862) வேறு வகையானது. அவர் தென்னார்க்காடு, திருச்சி மாவட்டங்களில் நேரில் சுற்றி, எந்த அடுக்கின்மேல் எது படிந்துள்ளது என்று பார்த்தார். கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அப்பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. ஸ்டோலிக்ஸ்கா 1873 வரை வெளியிட்ட விளக்க நூல்கள் அந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவை. என் கருத்தில், நம் மண்ணின் கதையை உருவாக்கியதில் லண்டன் மேசையைவிட, வெயிலில் நடந்த கால்களுக்கே பங்கு அதிகம்.

ஃபோர்ப்ஸ் பார்த்த படிவங்கள் லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. இங்கேயோ சுண்ணாம்புக்கல் சிமெண்டுக்காக வெட்டப்பட்டு வருகிறது. ஒரு படிவம் கண்ணில் பட்டால் உடனே பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்த ஊர், எந்த அடுக்கு, மேலே என்ன, கீழே என்ன என்று முதலில் எழுதிவையுங்கள். இடம் தெரியாத சிப்பி வெறும் அலங்காரப் பொருள். இடம் தெரிந்த சிப்பியே வரலாறு.