திகதி யாருடையது?

மொன்றியலில் நான் கிழமைக்கு ஒருமுறை தொண்டராகப் போய்வரும் பராமரிப்பு இல்லத்தில், லிப்டுக்குப் பக்கத்துச் சுவரில் மாத நாட்காட்டி ஒன்று தொங்கும். செவ்வாய் பிங்கோ, வியாழன் அக்கோடியன் இசை, மாதத்தில் ஒருநாள் வெளியே பயணம். எல்லாம் பிரெஞ்சில். அங்கே இருக்கும் இரண்டு தமிழ் மூதாட்டிகளுக்கும் பிரெஞ்சு தெரியாது. ஒருவர் நீர்வேலி ஆச்சி, மற்றவர் கும்பகோணத்துப் பாட்டி. பிங்கோவில் ஆச்சியின் அட்டையில் யாரோ பொட்டு வைப்பார்கள், யாரோ கைதட்டுவார்கள், பரிசாக ஒரு சவர்க்காரக் கட்டி மடியில் வந்து விழும். எப்படி வென்றோம் என்று ஆச்சிக்குத் தெரியாது.

போன மாரியில் இருவரையும் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். 1931 இல் தொடங்கிய பூங்கா அது. வெளியே முழங்கால் அளவு பனி. கண்ணாடி வீட்டுக்குள் வாழையும் கோப்பியும் கொக்கோவும். வாழையைக் கண்டதும் ஆச்சி சக்கர நாற்காலியை நிறுத்தச் சொன்னார்.

"குலை போட்டு எவ்வளவு நாளாச்சு, பொத்தியை இன்னும் முறிக்கேல்லை. ஆர் பாக்கிறது இந்தத் தோட்டத்தை?"

பாட்டி விடவில்லை. "பொத்தியா? வாழைப்பூன்னு சொல்லுங்கோ. ஆய்ஞ்சு பருப்பு உசிலி பண்ணினா எப்படி இருக்கும்!"

"உசிலியோ? வறைதான் அதுக்குச் சரி."

பதினைந்து நிமிடம் அந்த வழக்கு நடந்தது. பொழுதுபோக்குப் பொறுப்பாளர் என்னிடம் என்ன சண்டை என்று கேட்டார். சண்டையில்லை, இரண்டு பேரும் இன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்றேன்.

அதிலிருந்து, ஊர்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினேன். இல்லத்தில் இருக்கும் முதியவரின் நாளை நிறைவாக்க இலங்கை ஒரு வழி வைத்திருக்கிறது, இந்தியா வேறொரு வழி. சுருக்கமாகச் சொன்னால், இலங்கையில் ஆட்கள் உள்ளே வருகிறார்கள்; இந்தியாவில் முதியவர் வெளியே போகிறார்.

இலங்கையின் பல முதியோர் இல்லங்களில் சாப்பாட்டுக்கென்று ஒரு பதிவுப் புத்தகம் உண்டு. எந்தத் திகதியில் யார் மதிய உணவு தருகிறார்கள் என்பது அதில் இருக்கும். இறந்தவர் பெயரில் தானம் கொடுத்து அந்தப் புண்ணியத்தை அவருக்கே சேர்ப்பது பௌத்தர் வழக்கம். வடக்கில் சைவரும் கிறிஸ்தவரும் ஆண்டுத் திவசத்துக்கும் நினைவு நாளுக்கும் இல்லங்களுக்குச் சாப்பாடு கொடுக்கிறார்கள். குடும்பமாக வந்து கையால் பரிமாறி, பேரப்பிள்ளையைப் பாட வைத்து, காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கும் ஒரு முதியவருக்கு அந்த ஒரு மணிநேரம் பெரிய விஷயம். பணம் வாங்கிக்கொண்டு நிகழ்ச்சி நடத்தும் எந்த நிறுவனமும் இந்த நெருக்கத்தைத் தந்துவிடாது.

ஆனால் அந்தத் திகதி கொடுப்பவருடையது. என் அப்பாவின் திவசத்துக்கு நானும் இங்கிருந்து காசு அனுப்பியிருக்கிறேன். வட்ஸ்அப்பில் படம் வந்தது. பதாகையில் அப்பாவின் முகம், கீழே கோப்பையும் கையுமாய் இருபது பேர், எல்லோரும் கமெராவைப் பார்த்தபடி. அவர்களில் ஒருவருக்காவது அன்று தன் கணவரின் திதியாக இருந்திருக்குமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியது வாழைக்குப் பிறகுதான்.

இந்தியாவிலும் பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் இல்லங்களில் அன்னதானம் உண்டு. ஆனால் அங்கே முதுமையின் பெரிய ஆசை பயணம். காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போய்வந்தால்தான் பிறவி நிறைந்தது என்று நினைத்த நாடு அது. அரசுகளும் அந்த ஆசையையே திட்டமாக்கின. 2012 இல் மத்தியப் பிரதேசம் மூத்த குடிமக்களை அரசு செலவில் தலயாத்திரைக்கு அனுப்பத் தொடங்கியது. முதல் ரயில் போனது ராமேசுவரத்துக்கு. தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறை 2024 ஜனவரியில் மூத்தோரை அறுபடை வீடுகளுக்குக் கட்டணமில்லாமல் கூட்டிச்செல்லத் தொடங்கியது. முதலாண்டில் ஆயிரம் பேர். முருகன் பேரைச் சொல்லி ஆறு ஊர் ஏறி இறங்கிய ஒருவருக்கு, திரும்பி வந்து சொல்ல ஆறு மாதக் கதை இருக்கும். வந்து பரிமாறிவிட்டுப் போகும் சாப்பாடு அந்தக் கதையைத் தராது.

குறை எங்கே என்றால், அந்த அறுபடைவீட்டுப் பயணத்துக்கு வயது 60 முதல் 70 வரை, உடலும் ஈடுகொடுக்க வேண்டும். இல்லத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள். படியேற முடிந்தவருக்கே பயணம்; முடியாதவருக்கு டிவியில் தேரோட்டம்.

இந்த வேற்றுமைக்கு நிலமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இலங்கை சின்ன நாடு. கொடுக்க நினைப்பவர் விடியப் புறப்பட்டால் மதியத்துக்குள் பெரும்பாலான இல்லங்களுக்குப் போய்விடலாம். இந்தியாவில் தூரமே புண்ணியத்தின் பாதி. மக்கள்தொகையும் வேறு. 2012 கணக்கெடுப்பில் இலங்கை மக்களில் 60 வயதைக் கடந்தவர் 12.4 சதவீதம், 2011 இல் இந்தியாவில் 8.6 சதவீதம். இலங்கை முதலில் மூப்படைந்தது, சட்டமும் முதலில் செய்தது. முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் அங்கே 2000 இல் வந்தது. அதன் வழியே தேசிய முதியோர் பேரவை அமைந்தது. கிராம மட்டத்தில் முதியோர் சங்கங்கள் உண்டு. அவற்றில் தலைவரும் செயலாளரும் முதியவர்களே; எந்த நாளில் எங்கே போவது என்பதையும் அவர்களே முடிவு செய்யலாம். சங்கத்தில் இருக்கும் இந்த உரிமை இல்லத்து வாசலைத் தாண்டி உள்ளே போனதா என்பதுதான் கேள்வி.

இந்தியாவின் 2007 ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. அதே பிரிவில் மருத்துவத்துக்குப் பக்கத்திலேயே பொழுதுபோக்கையும் வைத்திருக்கிறது. மாத்திரைக்கும் பாட்டுக்கும் ஒரே வரியில் இடம் கொடுத்த சட்டம். நடைமுறையில் அந்த இரண்டாவது சொல் பெரும்பாலும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியாக முடிந்துவிடுகிறது.

ஆனால் தமிழ்நாட்டில் எனக்குப் பிடித்த இரண்டு ஏற்பாடுகள் உண்டு, இரண்டிலும் சுற்றுலா இல்லை. ஒன்று, சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமம். அங்கே முதியவர்கள் தோட்டம் செய்கிறார்கள், கறிகாய் வளர்க்கிறார்கள். மற்றது, முதியோரையும் ஆதரவற்ற குழந்தைகளையும் ஒரே வளாகத்தில் வைக்கும் அரசின் ஒருங்கிணைந்த இல்லங்கள். இரண்டு இடத்திலும் முதியவரின் கையில் ஒரு பொறுப்பு இருக்கிறது: தண்ணீர் ஊற்ற ஒரு செடி, தலை வார ஒரு பிள்ளை.

மொன்றியலில் வசதிக்குக் குறைவில்லை. முதியோர் இல்லம் மருத்துவமனை மாதிரி இருக்கக்கூடாது, வாழும் இடமாக இருக்க வேண்டும் என்று கியூபெக் அரசு 2003 இலேயே கொள்கை வகுத்தது. பதிவு செய்தவர்களுக்கு, சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய வாகனம் வாசலுக்கே வருகிறது. 2018 இல் இங்குள்ள நுண்கலை அருங்காட்சியகத்தோடு சேர்ந்து, மருந்துச் சீட்டில் அருங்காட்சியகப் பயணம் எழுதிக் கொடுக்க மருத்துவர்களுக்கு வழி செய்தார்கள். இவ்வளவும் இருந்த ஊரில்தான் 2020 மார்ச் நடுவில் கொரோனாவால் இல்லங்களின் கதவு மூடியது. நாட்காட்டி வெறுமையானபோது, பிங்கோ இல்லை என்று ஆச்சி வருந்தியதாக நான் கேள்விப்படவில்லை. "சனம் இல்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இங்கே வண்டி இருக்கிறது, திட்டமிட ஆள் இருக்கிறது. இலங்கையில் வரும் சனம் இருக்கிறது. இந்தியாவில் போக ஒரு இடம், சொல்ல ஒரு கதை இருக்கிறது. மூன்றிலும் ஒன்று மட்டும் இல்லை: முதியவர் தாமே குறித்த நாள். நாளைக் குறிப்பவர் வேறொருவர். முதியவர் எப்போதும் வாங்கும் கை.

இந்த வைகாசியில் ஆச்சி என்னைக் கூப்பிட்டார். கணவரின் திதி வருகிறதாம். "ஊருக்குக் காசு அனுப்ப வேண்டாம், தம்பி. இஞ்ச இருக்கிற சனத்துக்கு நான் ஏதும் குடுக்கவேணும்."

சமைத்த உணவு கொண்டுவர இல்லம் விடவில்லை. ஒவ்வாமை, நீரிழிவு, விழுங்கச் சிரமம் என்று பட்டியல் நீண்டது. ஆச்சி கொஞ்சம் யோசித்தார். "அப்ப வாழைப்பழம்?" தாதி பட்டியலைப் பார்த்துச் சிலருக்கு மசித்துக் கொடுக்கச் சொன்னார். மற்றவர்களுக்குத் தடையில்லை.

பொழுதுபோக்குப் பொறுப்பாளர் நாட்காட்டியில் அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று கேட்டார். திதிக்குப் பிரெஞ்சில் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. கடைசியில் ஆச்சியின் பெயரும் அதன் பக்கத்தில் 'பனான்' என்ற சொல்லும் ஏறின. மசிப்பது பாட்டியின் பொறுப்பு. ஆச்சி தட்டை மடியில் வைத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனார், நாற்காலியைத் தள்ளியது நான். ஒரு கியூபெக் கிழவர் பழத்தை வாங்கிக்கொண்டு யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார்.

"என்ன கேக்கிறார்?"

சொன்னேன். ஆச்சி இன்னொரு பழத்தையும் எடுத்து அவர் கையில் வைத்தார். "எங்கட மனிசன்ர நாள் எண்டு சொல்லு."