கிரானைட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் கிரானைட்டின் பிள்ளையா?

தாதுக்கள் எப்படி உருவாகின்றன என்று படிக்க ஆரம்பித்தால் ஒரு படம் தப்பாமல் கண்ணில் படும். நடுவில் கிரானைட். அதை ஒட்டி வெள்ளீயம், அதற்கு வெளியே செம்பு, அதையும் தாண்டி ஈயமும் துத்தநாகமும். இதற்கு வழக்கமாகச் சொல்லும் உதாரணம், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால். 1925-இல் ஹென்றி டியூயி கார்ன்வாலின் தாது மண்டலங்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பாடநூல் படங்கள் இன்றும் ஏறக்குறைய அதே வரிசையைத்தான் காட்டுகின்றன.

படம் சொல்லும் கதை எளிது. சுமார் 29 முதல் 27 கோடி ஆண்டுகளுக்கு முன் கிரானைட் குழம்பு மேலேறி இறுகியது. அதிலிருந்து பிரிந்த சூடான உப்புநீர், உலோகங்களைக் கரைத்துக்கொண்டு பாறை வெடிப்புகளுக்குள் பாய்ந்தது. சூடு குறையக் குறைய ஒவ்வொன்றும் தன் இடத்தில் இறங்கிக்கொண்டது. வெள்ளீயம் ஆக்சைடாக, காசிடரைட் என்ற பெயரில். மற்றவை கந்தகத்தோடு சேர்ந்து சல்ஃபைடுகளாக: சால்கோபைரைட், ஸ்பேலரைட், கலீனா.

இதை முழுசா தள்ளிவிட முடியாது. கேம்போர்ன் ஊரை ஒட்டிய டோல்கோத் சுரங்கம் முதலில் பேர் வாங்கியது செம்புக்காக. செம்பு குறைந்தபோது இன்னும் ஆழமாகப் போனார்கள், வெள்ளீயம் கிடைத்தது. அங்கே படம் ஜெயித்தது.

என் சண்டை வெளிவட்டத்தோடுதான். வெள்ளீயமும் செம்பும் உள்ள தாது நரம்புகள் பெரும்பாலும் கிழக்கு-வடகிழக்காக ஓடுகின்றன. ஈய நரம்புகளில் முக்கியமான பல, வடக்கு-தெற்காக அவற்றைக் குறுக்கே வெட்டிப் போகின்றன. சுரங்கத் தொழிலாளிகள் இவற்றுக்கு வைத்த பெயரே ‘கிராஸ்கோர்ஸ்’. புதுசா போட்ட தார் ரோட்டைக் குடிநீர்க் குழாய்க்காகக் குறுக்கே வெட்டியிருந்தால், எது முதலில் வந்தது என்று யாராவது கேட்போமா? வெட்டுவது பிந்தியது, வெட்டுப்படுவது முந்தியது.

டேமர் பள்ளத்தாக்கின் கிராஸ்கோர்ஸ்களில் உள்ள கனிமத்துக்குள் நுண்துளிகளாகச் சிக்கிய நீரை வைத்து வயதும் கணித்தார்கள். சுமார் 23.6 கோடி ஆண்டு. அதாவது கிரானைட் உருவாகி மூன்று கோடி ஆண்டுகளுக்கும் மேல் கழித்து! அந்த நீரும் வேறு ரகம்: வெப்பம் குறைவு, கால்சியம் மிகுந்த கடும் உப்புநீர். கிரானைட் குழம்பிலிருந்து வந்ததல்ல, பக்கத்து வண்டல் படுகைகளிலிருந்து வந்தது.

ஆக, ஒரே நாளில் எடுத்த குடும்பப் போட்டோ மாதிரி நமக்குக் காட்டுவது, உண்மையில் இரண்டு காலத்துப் போட்டோக்களை ஒட்டி வைத்தது. ஈயத்துக்கு கிரானைட் தாய் இல்லை. அதிகபட்சம் இடம் கொடுத்த வீட்டுக்காரர்.

இது வெறும் பண்டிதச் சண்டை இல்லை. படத்தை அப்படியே நம்பும் ஒருவர், கலீனா கிடைத்த இடத்தில் ‘கீழே போனால் செம்பு, அதற்கும் கீழே வெள்ளீயம்’ என்று துளை போடச் சொல்வார். டோல்கோத்தில் பலித்த கணக்கு கிராஸ்கோர்ஸில் பலிக்கும் என்று எதிர்பார்க்கக் காரணமே இல்லை. அந்த நரம்பு வேறொரு நீரின் வேலை.

படத்தைக் கிழித்துப்போடச் சொல்லவில்லை. ஒவ்வொரு வட்டத்தின் மேலும் அதன் வயதை எழுதுங்கள், போதும். தூரத்தை மட்டும் அளந்து உறவு சொன்னதுதான் அதன் தப்பு.