கீதையில் ‘சக்ரம்’ என்னும் சொல்

ஸ்ரீகீதை மூன்றாம் அத்யாயத்தின் 14, 15, 16ஆம் ச்லோகங்கள் உயிர்கள், அந்நம், மழை, யஜ்ஞம், கர்மம் ஆகியவற்றை ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடுத்து, அத்தொடருக்குச் ‘சக்ரம்’ என்று பெயரிடுகின்றன. ‘தானே இயங்கும் சுழற்சி’ என்று இச்சொல்லுக்குப் பொருள் கொள்வது எளிது. ஆனால் எம்பெருமானாரின் திருவுள்ளம் அதுவன்று.

15ஆம் ச்லோகத்திலுள்ள ‘ப்ரஹ்ம’ சப்தத்துக்கு வேதம் என்றும், ‘அக்ஷர’ சப்தத்துக்குப் பரமாத்மா என்றும் சங்கரர் பொருள் கொண்டார். இதன்படி தொடர் மேலிருந்து கீழே இறங்குகிறது. கடைசிக் கண்ணி முதற்கண்ணியைச் சென்று தொடுவதில்லை. எம்பெருமானாரோ, 14ஆம் அத்யாயத்து வழக்கைக் கொண்டு, ‘ப்ரஹ்ம’ என்பது ப்ரக்ருதியின் பரிணாமமான சரீரம் என்றும், ‘அக்ஷரம்’ ஜீவாத்மா என்றும் நிர்வஹித்தருளினார். அந்நத்தால் ஜீவனோடு கூடிய சரீரம், சரீரத்தால் கர்மம், கர்மத்தால் யஜ்ஞம், யஜ்ஞத்தால் மழை, மழையால் மீண்டும் அந்நம். வட்டம் இங்கே முடிகிறது. சக்ரம் என்ற சொல்லும் முழுமையாகப் பொருந்துகிறது. ஒன்றையொன்று பற்றி நிற்பது குற்றமாகாதோ எனில், ஆகாது. விதையும் முளையும் போல இது அநாதியான ப்ரவாஹம்.

ஆயினும் 16ஆம் ச்லோகத்தின் இரண்டு வினைகள் ‘தானே’ என்பதை விலக்குகின்றன. ‘ப்ரவர்த்திதம்’ என்றதனால் இதை இயக்கியவன் உளன் என்று தேறும்; அவன் பரமபுருஷன் என்பது பாஷ்யம். சங்கரரும் ஈச்வரனையே சொன்னார், இதில் வேற்றுமையில்லை. ‘அநுவர்த்தயதி’ என்றதனால் இதைத் தொடர்ந்து நடத்தவேண்டியவன் சேதநன் என்று தேறும். நடத்தாதவன் வாழ்வு வீண் என்கிறது அந்த ச்லோகம். தானே சுழல்வதாயின் இப்பழிக்கு இடமேது?

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் மானாவாரி நிலங்களில், மழையால் அந்நம் என்பதற்கு உரை வேண்டாம். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாளுக்கு உழவர்கள் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கைக் காணிக்கையாகச் சமர்ப்பிக்கிறார்கள். அதைச் ச்ரௌத யஜ்ஞம் என்பார் இலர். ஆனால் பகவதாராதனமாக ஸமர்ப்பித்து, எஞ்சியதை உண்பவனே பாபத்தினின்று விடுபடுகிறான் என்று 13ஆம் ச்லோகத்துக்கு எம்பெருமானார் அருளிச்செய்த பொருளுக்கு அவ்வழக்கம் மிக அணித்தானது.

ஆகவே இச்சொல்லை மொழிபெயர்ப்போர் ‘தானே இயங்கும்’ என்பதை நீக்கி, ‘இயக்கப்பட்ட சக்ரம்’ என்றே எழுதுதல் தகும். அவ்வொரு சொல் மாறினால், இயக்கியவனும் மறைகிறான். நடத்தவேண்டியவனின் கடமையும் மறைகிறது.