பந்தை மூட்டை கட்டும் வழக்கம்

பிளஸ் டூ வந்துவிட்டால் பந்தை மூட்டை கட்டச் சொல்லாத வீடு புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளத்தில் அபூர்வம். பிள்ளையை டாக்டராக்கும் ஆசை உள்ள வீட்டில் பத்தாம் வகுப்பிலேயே கட்டிவிடுவார்கள். இதை மறுப்பவர்கள் டாக்டர் டி. ஆவோவைத் துணைக்கு அழைக்கிறார்கள்.

நாகா மலையில் 1918இல் பிறந்த ஆவோ, கல்கத்தாவில் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டே மோகன் பகான் கால்பந்து கிளப்புக்கு ஆடினார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நாட்டின் கொடியை ஏந்தியவர் அவர். கால்பந்து அணியின் கேப்டனும் அவரே. வீரர்களில் பலர் வெறுங்காலுடன் ஆடிய அந்த அணி, இரண்டு பெனால்டிகளை வீணாக்கி, பிரான்சிடம் 2-1 என்று தோற்றது. 1950இல் ஆவோ எம்.பி.பி.எஸ். முடித்தார். பிறகு நாகாலாந்துக்கே திரும்பி, கோஹிமாவில் பணியாற்றி, சுகாதாரத்துறை இயக்குநராக உயர்ந்தார்.

அழகான கதைதான். ஆனால் எடுத்துக்காட்டுபவர்கள் மறந்துவிடும் சங்கதிகள் சில உண்டு. டாக்டராக வேண்டும் என்பது அவருடைய அப்பாவின் ஆசை. அந்த வகையில் நம்மூர் அப்பாக்களும் ஆவோவைச் சாட்சிக்குக் கூப்பிடலாம். படிப்பை முடித்தபோது அவருக்கு 32 வயது. அடுத்த ஆண்டே டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றது. அப்போது கேப்டன் சைலேன் மன்னா. ஆக, ஆவோவும் கடைசியில் பந்தைக் கீழே வைத்தவர்தான். ஆனால் வைக்க வேண்டிய நாளை அவரே தீர்மானித்தார். பதினைந்து வயதில் யாரும் அதைப் பிடுங்கவில்லை. எனக்கு முக்கியமாகப் படும் வேறுபாடு இது.

பெற்றோரின் கணக்கையும் குறை சொல்ல முடியாது. கிளப் ஆட்டம் அன்று சோறு போடவில்லை, மருத்துவம் போட்டது. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி திறந்த அதே 2017இல்தான் நீட் தேர்வும் தமிழகத்தில் கட்டாயமானது. கல்லூரி பஸ் தூரத்துக்கு வந்தது, நுழைவு தூரமாகிவிட்டது. விளையாட்டு ஒதுக்கீட்டு இடங்களோ மாநிலம் முழுமைக்கும் மிகச் சில. சேர்ந்தாலும் 9 ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும் என்பது இன்றைய விதி. பயிற்சி முகாமுக்குப் போன நாட்கள் அதில் கழிவதில்லை.

ஆகவே ஆவோவைக் காட்டி, உன்னால் முடியாதா என்று பிள்ளையைக் கேட்பது பாதி நியாயம்கூட இல்லை. வீட்டின் அச்சம் நியாயமானது, ஆனால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வதற்கு அது சாக்காகாது. பள்ளிகள் அந்த ஒரு மணி நேரத்தையாவது பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுக்கட்டும்.