நாணொலியும் இலக்கும்: ‘ட்சுருனே’ அனிமே காட்டும் ஜப்பானிய வில்வழி

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானிய வில், அனிமேயிலும் மாங்காவிலும் பெரும்பாலும் அம்பின் ஆற்றலாகவே காட்டப்படுகிறது. மரபு வில்வித்தையான கியூடோவின் பயிற்சியையே கதைப்பொருளாகக் கொண்ட ‘ட்சுருனே’ தொடர் இப்போக்கிலிருந்து விலகி நிற்கிறது. நாணை முழுதும் இழுத்தபின் பொறுத்து நிற்க இயலாமையாகிய ‘ஹயாகே’ என்னும் குறையை அத்தொடர் கையாளும் முறையையும், போட்டிக் கதையமைப்பு அதற்கு இடும் எல்லையையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: கியூடோ, அனிமே, மாங்கா, ட்சுருனே, ஹயாகே, நாணொலி

முன்னுரை

கியூடோ என்னும் சொல்லுக்கு ‘வில்லின் வழி’ என்பது பொருள். இரண்டு மீட்டருக்கும் மேல் நீளமுடைய வில், நடுவில் அன்றி அதற்குக் கீழே பிடிக்கப்படுகிறது. 28 மீட்டர் தொலைவில் 36 சென்டிமீட்டர் விட்டமுள்ள இலக்கு வைக்கப்படுகிறது. ஓர் அம்பை எய்யும் செயல் எட்டு நிலைகளாக வகுக்கப்பட்டுள்ளது. காலூன்றல், உடலை நிலைப்படுத்தல், வில்லை ஆயத்தம் செய்தல், உயர்த்தல், இழுத்தல், முழு இழுப்பில் நிற்றல், விடுத்தல், விடுத்தபின் நிற்றல் என்பன அவை. ஆறாம் நிலையின் பெயராகிய ‘கய்’ சந்திப்பையும், ஏழாம் நிலையின் பெயராகிய ‘ஹனாரே’ பிரிவையும் குறிக்கும். கூடல் நிறைவுற்ற பின்னரே பிரிவு நிகழவேண்டும் என்னும் கருத்து இப்பெயர்களிலேயே அடங்கியுள்ளது.

இக்கலையின் உயிர்நிலை அசைவற்று நிற்கும் அந்தக் கூடலே. அசைவையே தன் இயல்பாகக் கொண்ட அனிமே, அதனை எவ்வாறு காட்டும் என்பதே இக்கட்டுரையின் வினா.

பயிற்சி மறைந்த வில்

தகஹாஷி ருமிகோவின் ‘இனுயாஷா’ மாங்கா 1996 முதல் 2008 வரை வெளிவந்தது. அதன் நாயகி ககோமே, கோயில் சார்ந்த குடும்பத்தில் பிறந்த பள்ளி மாணவி. அவள் எய்யும் அம்பு தீய சக்திகளை அழிக்கிறது. அவ்வாற்றல் பயிற்சியால் வந்ததன்று. முற்பிறவியில் அவள் கிக்யோ என்னும் ஆற்றல்மிக்க கோயிற்பெண்ணாக இருந்தமையால் வந்தது. மியாசாகி ஹயாவோவின் ‘இளவரசி மோனோனோகே’ (1997) திரைப்படத்தில் வரும் ஆஷிட்டாகா தேர்ந்த வில்லாளியே. எனினும், எதிரிகளின் கையையும் தலையையும் அவன் அம்பு துண்டிக்கும் காட்சிகளில் அதற்கு வலிமை தருவது அவன் கையில் ஏறிய சாபமாகும்.

இவ்விரு படைப்புகளும் போர்க்கால வில்லையே காட்டுகின்றன. இக்காலக் கியூடோவைக் காட்டுவது அவற்றின் நோக்கமன்று. ஆதலின் எட்டு நிலைகளை அவற்றில் தேடுவது முறையன்று. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. இரண்டிலும் அம்பின் ஆற்றல் எய்பவரின் உழைப்புக்கு அப்பாலிருந்து வருகிறது. அம்பு சென்று என்ன செய்தது என்பதே கதைக்கு வேண்டப்படுகிறது; அது நாணில் நின்ற காலம் வேண்டப்படவில்லை.

ஹெரிகல் விட்டுச்சென்ற வினா

கியூடோ பற்றி ஜப்பானுக்கு வெளியே நிலவும் கருத்தை உருவாக்கியதில் ஜெர்மானிய மெய்யியலாளர் ஆய்கன் ஹெரிகலுக்குப் பெரும் பங்குண்டு. 1924 முதல் 1929 வரை செண்டாயில் கற்பித்த அவர், அங்கு அவா கென்சோவிடம் வில் பயின்றார். பின்னர் 1948இல், வில்வித்தையை ஜென் நெறியாக விளக்கும் நூலை வெளியிட்டார். எய்பவரின் விருப்பமின்றி அம்பு தானே விடுபடுவதே உயர்நிலை என்பது அந்நூலின் மையக்கருத்து. ஜப்பானிய ஆய்வாளர் யமாடா ஷோஜி, 2001இல் வெளியான தம் கட்டுரையில் இக்கருத்தை மறுஆய்வு செய்தார். அவா கென்சோ ஜென் நெறியினர் அல்லர் என்பதையும், ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே மொழிபெயர்ப்புச் சிக்கல் இருந்ததையும் அவர் சுட்டிக்காட்டினார்.

இவ்விவாதத்தில் போதிய கவனம் பெறாத ஒரு செய்தி உண்டு. விருப்பமின்றி அம்பு விடுபடுதல் கியூடோவில் உயர்நிலை மட்டுமன்று; குறையும் ஆகும். அக்குறையின் பெயரே ‘ஹயாகே’. முழு இழுப்பில் நிற்க எண்ணியும், உடல் நில்லாது நாணை விட்டுவிடுகிறது. வெளித்தோற்றத்தில் இரண்டும் தன்னை மீறிய விடுத்தலே. ஒன்று கூடல் கனிந்தபின் நிகழ்வது. மற்றொன்று கனியுமுன் நிகழ்வது.

‘ட்சுருனே’: குறையே கதை

அயனோ கோட்டோகோவின் ‘ட்சுருனே’ புதினம் 2016இல் வெளிவந்தது. கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் அதனை யமாமுரா தக்குயாவின் இயக்கத்தில் 2018இல் தொடராக்கியது. 2022இல் திரைப்படமும் 2023இல் இரண்டாம் பருவமும் வெளிவந்தன. ‘ட்சுரு’ என்பது நாண்; ‘னே’ என்பது ஒலி. நாணொலி என்னும் தமிழ்த்தொகை இத்தலைப்புக்கு முற்றும் பொருந்தும். நாண் விடுபட்டு வில்லில் மோதுகையில் எழும் ஒலி அது.

நாயகன் நருமியா மினாட்டோ, சிறுவயதில் இவ்வொலியால் ஈர்க்கப்பட்டு வில் பயின்றவன். ஹயாகேயால் வில்லைக் கைவிட்டவன். மீண்டும் அவனைப் பயிற்சிக்கு அழைத்துவரும் தகிகாவா மசாகியும் முன்பு இக்குறைக்கு ஆளானவரே. இவ்வமைப்பு இரண்டு பயன்களைத் தருகிறது. ஒன்று, ஆசிரியர் மறைபொருள் உரைக்கும் ஞானியாக அன்றி, அதே இடர்ப்பாட்டைக் கடந்த மனிதராக நிற்கிறார். மற்றொன்று, நிற்க இயலாதவனைக் காட்டுவதால் நிற்றலின் அருமை பார்வையாளருக்கு விளங்குகிறது. அசைவற்ற நிலையைக் காட்டும் சிக்கலை, அது கைகூடாத உடலைக் காட்டுவதன்வழி இத்தொடர் தீர்த்துக்கொள்கிறது. ககோமேயின் அம்பு முற்பிறவியின் கொடை. மினாட்டோவின் அம்போ நாள்தோறும் முயன்று மீட்கவேண்டியது.

போட்டி என்னும் எல்லை

எனினும் இத்தொடரில் ஒரு முரண் உள்ளது. கியூடோவின் தரநிலைத் தேர்வுகளில் எய்யும் முறையும் ஒழுகலாறும் மதிப்பிடப்படுகின்றன. பள்ளிப் போட்டிகளிலோ இலக்கில் பட்ட அம்புகளே எண்ணப்படுகின்றன. ஐவர் கொண்ட அணி, ஆளுக்கு நான்கு அம்புகளாக இருபது அம்புகளை எய்கிறது. விளையாட்டுக் கதைகளின் மரபுப்படி ‘ட்சுருனே’யும் தன் உச்சத்தை இத்தகைய போட்டியிலேயே அமைக்கிறது. இதனால், மினாட்டோ குறையிலிருந்து மீண்டமைக்கு இலக்கே சான்றாகிவிடுகிறது. தலைப்பு ஒலியை முன்னிறுத்த, கதை எண்ணிக்கையை நோக்கி நகர்கிறது.

இதனைப் படைப்பின் பிழையென்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. முறையான எய்தல் தவறாது இலக்கை அடையும் என்பது கியூடோவின் போதனைகளுள் ஒன்று. முறையும் இலக்கும் ஒன்றே என அது கூறுகிறது. நடைமுறையில் அவை பிரிந்தும் நிற்கின்றன. ஹயாகே உடையவரும் இலக்கில் எய்துவிடக்கூடும். முறை வழுவாதவரின் அம்பும் தவறக்கூடும். இவ்விரண்டாம் வகை வில்லாளியைக் கதையின் உச்சத்தில் நிறுத்தியிருப்பின், ‘ட்சுருனே’ தான் எழுப்பிய வினாவை இறுதிவரை பின்தொடர்ந்திருக்கும்.

முடிவுரை

வில்லை மறையாற்றலாகக் காட்டும் கதைகளிலும், மறைஞானமாகக் காட்டும் ஹெரிகலின் நூலிலும் விடுபட்டது ஒன்றே: பயில்பவரின் தவறும் உடல். ‘ட்சுருனே’ அதனைக் கதையின் நடுவில் வைத்தது. அதன் சிறப்பு இதுவே. கியூடோவை மெய்யியலாக மட்டும் அணுகும் ஆய்வுகள் ஹயாகேயையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும். தன்னை மீறி நிகழும் செயலனைத்தும் தன்னை இழந்த உயர்நிலை ஆகாது. அவ்வேறுபாட்டை அறிவிப்பது அம்பு சேர்ந்த இடமன்று. அது விடுபடுமுன் நின்ற காலமே.