குறுக்கு விசாரணை என்னும் கலை

வழக்கறிஞர்களுக்கான தொடர்கல்வி வகுப்பொன்றில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். 2024 ஜூலை 1 முதல் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாக்ஷிய அதினியம் வந்துவிட்டது. பழைய பிரிவு எண்ணுக்கு எதிரே புதிய எண் போட்டு ஒரு ஜெராக்ஸ் கொடுத்தார்கள். வேண்டியதுதான். அடுத்தது ‘குறுக்கு விசாரணைக் கலை’. மூத்தவர் ஒருவர் தான் சாட்சியை உடைத்த கதையைச் சொல்ல, அரங்கம் சிரித்தது. உடைந்தவள் அந்தக் கதையில் வெறும் ‘பி.டபிள்யூ. 1’.

இந்தச் சிரிப்பும் சட்டக் கல்விதான். போலீஸ் சாட்சியை உடைக்கத் தெரிந்த வக்கீல்கள் நமக்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எல்லாச் சாட்சியும் ஒன்றா? பாலியல் வன்முறை வழக்கில் பெண்ணின் ‘நடத்தை’யைக் கிளற இடம்கொடுத்த 155(4)ஐ 2002ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 33ஆம் பிரிவோ, குழந்தையிடம் வக்கீல் நேரடியாகக் கேட்கக் கூடாது, நீதிமன்றம் வழியாகத்தான் கேட்கணும் என்கிறது. கேள்வி கேட்பதே ஓர் அதிகாரம் என்று சட்டமே ஒத்துக்கொண்ட இடம் இது. வகுப்பில் இதைப் பற்றி மூச்சு இல்லை.

எழுந்து கேட்டேன். “அதெல்லாம் ஜட்ஜு பாத்துக்குவாரு தம்பி” என்றார். நீதிபதி வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996லேயே சொல்ல வேண்டிவந்தது ஏன் என்று திருப்பிக் கேட்பதற்குள் டீ வந்துவிட்டது.